ஒரு மால்ட், ஒரு ஹாப்ஸ், எட்டு வாரம்

பில்ஸ்னர் பீரின் செய்முறையை ஓர் அஞ்சலட்டையின் ஓரத்தில் எழுதிவிடலாம். 20 லிட்டருக்கு 4.2 கிலோ வெளிர் பில்ஸ்னர் மால்ட், 90 கிராம் சாட்ஸ் ஹாப்ஸ், உப்புகள் குறைந்த நீர், லேகர் ஈஸ்ட். வேறு எதுவும் இல்லை. ஆனாலும் ஏல் வகைகளில் பல ஆண்டுகள் கைதேர்ந்தவர்கள்கூட இந்த நான்கு வரியில் தடுக்கி விழுகிறார்கள். கறுப்பாக வறுத்த மால்ட்டின் காப்பி மணமோ, பழவாசனை தூக்கும் அமெரிக்க ஹாப்ஸோ இங்கே துணைக்கு வராது. நொதித்தலில் நேர்ந்த சிறு பிசகும் கண்ணாடிக் குவளையில் அப்படியே தெரியும். லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் டைஅசிட்டைல் இருந்தாலே போதும், பழகிய நாக்கு வெண்ணெய் வாடையைக் கண்டுபிடித்துவிடும்.

பில்ஸ்னரும் சேர்ந்த லேகர் வகைகளில், அதாவது குளிரில் நொதிக்கும் பீர்களில், உண்மையான செய்முறை வெப்பநிலையும் நாள்கணக்கும் சேர்ந்த அட்டவணைதான் என்பது என் உறுதியான கருத்து. பொருள்களின் பட்டியல் அதற்கு அடுத்தபடியே வரும். மால்ட்டில் இரண்டு சதவீதத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்ப்பதில் பலர் மாதக்கணக்கில் செலவழிக்கிறார்கள். எந்த நாளில் எத்தனை டிகிரி என்ற கேள்விக்கு மட்டும், ஈஸ்ட் பொட்டலத்தின் பின்புறத்தில் அச்சிட்டதோடு நின்றுவிடுகிறார்கள். (தமிழ்நாட்டில் உரிமமின்றி மது காய்ச்சுவது 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். வீட்டில் காய்ச்ச அனுமதியுள்ள ஜெர்மனி, கனடா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் வாழ்பவர்களுக்கும், ஆலைகளில் வேலை பார்ப்பவர்களுக்கும், ஒரு குவளை பீருக்குள் எவ்வளவு வேதியியல் இருக்கிறது என்று அறிய விரும்புவோருக்கும் இது பயன்படும்.)

அட்டவணைக்கு இவ்வளவு முக்கியத்துவம் வந்தது ஈஸ்ட்டின் பிறப்பால். ரொட்டிக்கும் ஒயினுக்கும் ஏலுக்கும் நாம் பயன்படுத்துவது சாக்கரோமைசீஸ் செரிவிசியே. அது வெதுவெதுப்பை விரும்பும் உயிர். மலைப்பகுதிக் குளிரில் இட்லி மாவு பொங்க மறுப்பதுபோல, 8 டிகிரி செல்சியஸில் அதுவும் சோம்பிக் கிடக்கும். லேகர் ஈஸ்ட்டான சாக்கரோமைசீஸ் பாஸ்டோரியானஸ் அதே 8 டிகிரியில் உழைக்கிறது. அது ஒரு கலப்பினம் என்பதும், தாய் தந்தையரில் ஒன்று செரிவிசியே என்பதும் நெடுநாளாகத் தெரியும். மற்றது எது என்பதுதான் புதிராக இருந்தது. 2011இல் டியகோ லிப்கிண்ட், கிறிஸ் ஹிட்டிங்கர், ஹோசே பாவுலோ சம்பாயோ உள்ளிட்ட ஆய்வாளர்கள் விடை சொன்னார்கள். அர்ஜென்டினாவின் படகோனியாவில், தென்கோளத்து பீச் மரங்களில் புடைத்து வளரும் பூஞ்சைக் கட்டிகளில் ஒரு காட்டு ஈஸ்ட் வாழ்கிறது. அதன் மரபணுத் தொகுதி, லேகர் ஈஸ்ட்டின் அடையாளம் தெரியாத பாதியோடு 99.5 சதவீதம் ஒத்துப்போனது. சாக்கரோமைசீஸ் யூபயானஸ் என்று அதற்குப் பெயரிட்டார்கள்.

படகோனியாவிலிருந்து பவேரியாவுக்கு எப்படி வந்தது என்ற கேள்வி உடனே எழுந்தது. பின்னர் அதே இனம் திபெத்திலும், மிக அண்மையில் அயர்லாந்தின் டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரி வளாகத்து மண்ணிலும் கிடைத்தது. ஆகவே அது கடல் கடந்து வந்தாக வேண்டிய கட்டாயம் இல்லை. இரண்டு இனங்களும் எங்கே கலந்தன என்பதற்கு 2023இல் ஒரு கருதுகோள் வெளியானது. பவேரியாவில் 1553 முதல் கோடைகாலத்தில் பீர் காய்ச்சத் தடை இருந்தது. ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை அடுப்பு மூட்டக் கூடாது. வெயில் காலத்தில் பீர் கெட்டுப்போனதால் போட்ட தடை அது. ஆனால் அதன் விளைவாகக் குளிர்காலத்தில் மட்டுமே நொதித்தல் நடந்தது, குளிரைத் தாங்கும் ஈஸ்ட்டுகளே அங்கே நிலைத்தன. 1602க்குப் பின் கோதுமை பீர் காய்ச்சும் உரிமை பவேரியக் கோமகன் மாக்சிமிலியனின் கைக்கு வந்தது. அப்போது ஷ்வார்ட்ஸாக் ஊர் ஆலையின் செரிவிசியே ஈஸ்ட் மியூனிக் அரண்மனை ஆலைக்குள் நுழைந்து, அங்கே ஏற்கெனவே இருந்த குளிர் ஈஸ்ட்டோடு கலந்தது என்கிறார்கள் இந்த ஆய்வாளர்கள். முழுமையாக நிறுவப்படாத கதைதான். ஆனாலும் வரலாற்று ஆவணமும் மரபணுவும் இவ்வளவு நெருங்கிப் பேசும் இடங்கள் அரிது.

இந்தக் கலப்பினம் காய்ச்சுபவரின் மேசைக்குக் கொண்டுவரும் விஷயங்கள் சில உண்டு. லேகர் ஈஸ்ட்டின் மைட்டோகாண்ட்ரியா யூபயானஸிடமிருந்து வந்தது. குளிரில் உழைக்கும் திறனுக்கு அதுவும் ஒரு காரணம். லேகர் ஈஸ்ட்டுகளில் இரண்டு பெருங்குழுக்கள் உண்டு. முதல் குழு குளிரை அதிகம் தாங்கும். ஆனால் மால்டோட்ரையோஸ் என்னும் மூன்றலகுச் சர்க்கரையை அதனால் சரியாக உண்ண முடியாது. இரண்டாம் குழு அதையும் உண்டு தீர்க்கும். வைஹென்ஸ்டெஃபான் நிறுவனத்தின் 34/70 இரண்டாம் குழுவைச் சேர்ந்தது, இன்று உலகில் மிகப் பரவலாகப் புழங்கும் லேகர் ஈஸ்ட்டுகளில் ஒன்று. ஆகவே வறண்ட முடிவுள்ள ஜெர்மன் பில்ஸ்னர் வேண்டுமா, சற்றே உடல் கனத்த லேகர் வேண்டுமா என்பதை ஈஸ்ட்டைத் தேர்ந்தெடுக்கும்போதே பாதி தீர்மானித்துவிடுகிறீர்கள்.

மீதிப் பாதி மேஷ் கட்டத்தில் தீர்மானமாகிறது. அரைத்த மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்து மாச்சத்தைச் சர்க்கரையாக்கும் வேலை அது. பீட்டா அமைலேஸ் நொதி 62 டிகிரிக்கு அருகே நன்றாக வேலை செய்து, மாச்சத்துச் சங்கிலியின் நுனியிலிருந்து மால்டோஸை இரண்டிரண்டு அலகாக நறுக்கும். ஆல்ஃபா அமைலேஸ் 72 டிகிரியில் சங்கிலியை எங்கு வேண்டுமானாலும் வெட்டும். இந்த இரண்டு நிறுத்தங்களை மட்டும் வைத்து ஜெர்மானியர் பயன்படுத்தும் முறையே லேகருக்கு என் முதல் பரிந்துரை. 62இல் 40 நிமிடம், 72இல் 40 நிமிடம், கடைசியில் 77க்கு ஏற்றி வடிகட்டலாம். வறண்ட பீர் வேண்டுமானால் 62இல் நிற்கும் நேரத்தை நீட்டுங்கள். ஒரே வெப்பநிலையில் 66 டிகிரியில் ஊறவைப்பதும் நல்ல பீரைத் தரும். ஆனால் நொதிகள் இரண்டுக்கும் தனித்தனி நேரம் கொடுத்தால் முடிவை உங்கள் கையில் வைத்திருக்கலாம்.

மேஷில் மூன்றில் ஒரு பங்கைத் தனியே எடுத்துக் கொதிக்கவைத்து மீண்டும் சேர்க்கும் பழைய முறை வெப்பமானி இல்லாத காலத்தில் பிறந்தது. எவ்வளவு எடுத்துக் கொதிக்கவைத்தால் மொத்தக் கலவையும் எவ்வளவு சூடேறும் என்பது அனுபவத்தில் தெரிந்திருந்தது. பொஹீமியாவின் பில்ஸன் நகரில் இதை மூன்று முறை செய்தார்கள். இன்றைய மால்ட் அப்படிப்பட்ட வதைப்பைக் கேட்பதில்லை, முளைவிடும் கட்டத்திலேயே தானியம் நன்கு உடைந்துவிடுகிறது. பொஹீமிய பாணியில் ரொட்டி மேலோட்டின் மணம் வேண்டுபவர்கள் ஒருமுறையாவது கொதிக்கவைத்துப் பார்க்கலாம். வெளிர் ஜெர்மன் லேகருக்கு அந்த மூன்று மணி நேர உழைப்பு வீண் என்று நான் நினைக்கிறேன்.

நீரைப் பற்றி நீளமாகப் பேசத் தேவையில்லை, ஆனால் அதைப் புறக்கணிக்கவும் முடியாது. பில்ஸனின் நீரில் கரைந்த உப்புகள் மிகக் குறைவு. அதனால்தான் வெளிர் மால்ட்டோடு மேஷின் பிஎச் 5.4க்கு அருகே இறங்க முடிந்தது. மியூனிக் நீரில் கார்பனேட் அதிகம். அங்கே அமிலத்தன்மை கூடிய கருநிற மால்ட்தான் அதைச் சமன்செய்தது. மியூனிக் கறுப்பு லேகருக்கும் பில்ஸன் பொன்னிற லேகருக்கும் புகழ் வந்ததில் நிலத்தடிப் பாறைக்குப் பெரும் பங்கு உண்டு. உங்கள் குழாய் நீர் கடினமானது என்றால் வடிகட்டிய நீரைக் கலந்து, மொத்த மால்ட்டில் 2 அல்லது 3 சதவீதம் அமில மால்ட் சேருங்கள். ஒரு சதவீதத்துக்கு பிஎச் ஏறத்தாழ 0.1 இறங்கும். பிஎச் அளவுகோலே 1909இல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் சோரன்சன் உருவாக்கியது. பீர் ஆலை ஒன்று நடத்திய ஆய்வகம் உலகத்து வேதியியல் கூடங்களுக்கெல்லாம் அளவுகோல் தந்திருக்கிறது.

வெளிர் மால்ட்டைக் குறைந்த சூட்டில், 80 முதல் 85 டிகிரிக்குள் உலர்த்துகிறார்கள். நிறம் ஏறாமல் இருக்க அது தேவை. அதற்கு ஒரு விலையும் உண்டு. எஸ்எம்எம் என்ற கந்தகச் சேர்மம் தானியத்திலேயே தங்கிவிடுகிறது. மேஷிலிருந்து வடித்த இனிப்புச் சாறான வோர்ட்டைச் சூடாக்கும்போது அது டிஎம்எஸ் ஆக மாறி, வேகவைத்த மக்காச்சோளத்தின் வாடையைத் தரும். கொதிநிலையில் எஸ்எம்எம் ஏறத்தாழ 40 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகும். எனவே 90 நிமிடம் மூடியில்லாமல் கொதித்தால் ஐந்தில் ஒரு பங்குதான் மிஞ்சும், உண்டான டிஎம்எஸ்ஸும் ஆவியோடு போய்விடும். அடுப்பை அணைத்த பிறகுதான் ஆபத்து. சூடான வோர்ட்டில் மாற்றம் தொடரும், ஆனால் ஆவியாகி வெளியேற வழியிருக்காது. அணைத்ததும் வேகமாகக் குளிர்விக்க வேண்டும்.

ஹாப்ஸ் விஷயத்தில் ஒரு கணக்கு. சாட்ஸ் ஹாப்ஸில் ஆல்ஃபா அமிலம் 3.5 சதவீதம் அளவில்தான் இருக்கும். 20 லிட்டரில் 35 கசப்பலகு வேண்டுமானால் கொதியின் தொடக்கத்தில் 90 கிராம் போட வேண்டும். 12 சதவீத அமிலமுள்ள ஹாப்ஸ் என்றால் 26 கிராம் போதும். ஆனால் 90 கிராம் இலையோடு வரும் பாலிஃபீனால்களும் மண்வாசனை கலந்த மென்மணமும் 26 கிராமில் வராது. பழைய ஐரோப்பிய ஹாப்ஸை மாற்றாமல் வைத்திருப்பவர்கள் வெறும் மரபுக்காக அப்படிச் செய்யவில்லை.

பில்ஸனில் இவை அனைத்தும் ஒன்றுகூடியது 1842இல். நகரத்தின் பீர் அவ்வளவு மோசமாக இருந்ததால் 1838இல் 36 பீப்பாய்களை நகர மன்றத்தின் முன்னால் கொட்டினார்கள் என்பது அந்நகரத்து வரலாறு. பிறகு மக்களே சேர்ந்து புதிய ஆலை கட்டி, பவேரியாவிலிருந்து ஜோசப் க்ரோல் என்பவரை வரவழைத்தார்கள். அவர் அக்டோபர் 5 அன்று முதல் தொகுதியைக் காய்ச்சினார். வெளிர் மால்ட், மென்னீர், சாட்ஸ் ஹாப்ஸ், பவேரியக் குளிர் ஈஸ்ட், மணற்பாறையில் குடைந்த நிலவறைகள். இன்று உலகில் விற்கும் பீரில் பெரும்பகுதி அந்தக் குவளையின் வழித்தோன்றல்.

இனி ஈஸ்ட் போடும் நாள். அனுபவசாலிகளும் அதிகம் பிழை செய்வது இங்கேதான். குளிரில் ஈஸ்ட் மெதுவாகப் பெருகும், ஆகவே தொடக்கத்திலேயே படையைப் பெரிதாக்க வேண்டும். ஏலுக்கு ஒரு மில்லிலிட்டருக்கு, வோர்ட்டின் சர்க்கரைச் செறிவைக் காட்டும் பிளேட்டோ அளவில் ஒரு டிகிரிக்கு 7.5 லட்சம் செல்கள் என்பது கைக்கணக்கு. லேகருக்கு 15 லட்சம். 12 டிகிரி பிளேட்டோ வோர்ட் 20 லிட்டர் என்றால் 36,000 கோடி செல்கள் தேவை. ஒரே ஒரு பொட்டலத்தைத் தூவிவிட்டு நான்கு நாள் கவலையோடு மூடியைப் பார்த்துக்கொண்டிருப்பது இந்தக் கணக்கைப் போடாததால் வருவது. வோர்ட்டில் லிட்டருக்கு 10 மில்லிகிராம் அளவுக்கு ஆக்சிஜனும் வேண்டும். செல்சுவருக்கு உள்ளே இருக்கும் சவ்வைக் கட்ட ஈஸ்ட்டுக்கு ஸ்டெரால்கள் தேவை, ஆக்சிஜன் இல்லாமல் அவற்றைச் செய்துகொள்ள முடியாது. வோர்ட்டை 8 டிகிரிக்குக் குளிர்வித்த பிறகே ஈஸ்ட்டைச் சேர்த்து, மெல்ல 10க்கு ஏறவிடுவது என் வழக்கம். சூட்டில் போட்டுவிட்டுப் பிறகு குளிர்வித்தால், பெருகும் கட்டத்திலேயே பழமணம் தரும் எஸ்டர்களும் டைஅசிட்டைலின் முன்னோடியும் குவிந்துவிடும்.

டைஅசிட்டைலைப் புரிந்துகொண்டால் லேகரில் பாதியைப் புரிந்துகொண்ட மாதிரி. வெண்ணெய்க்கு மணம் தருவதும் இதே மூலக்கூறுதான். ஈஸ்ட் அதை நேரடியாகச் செய்வதில்லை. வாலின் என்னும் அமினோ அமிலத்தை ஈஸ்ட் தனக்காகத் தயாரிக்கும்போது, இடையில் உண்டாகும் ஆல்ஃபா அசிட்டோலாக்டேட் செல்லிலிருந்து கசிந்து பீரில் கலக்கிறது. அங்கே எந்த நொதியின் உதவியும் இல்லாமல், தானாகவே, மிக மெதுவாக டைஅசிட்டைலாக உடைகிறது. ஈஸ்ட் அந்த டைஅசிட்டைலைத் திரும்ப உள்ளே இழுத்து, அசிட்டோயினாகவும் பின்னர் பியூட்டேன்டையோலாகவும் மாற்றிவிடும். இவை இரண்டுக்கும் அந்த அளவில் மணமில்லை.

மூன்று படிகளில் நடுப்படிதான் மிக மெதுவானது, அதற்கு வெப்பம் வேண்டும். 10 டிகிரியில் நாள்கணக்கில் இழுக்கும் அந்த மாற்றம் 16 டிகிரியில் விரைந்து முடியும். ஆகவே சர்க்கரையில் முக்கால் பங்கு தீர்ந்ததும், ஈஸ்ட் இன்னும் பசியோடு இருக்கும்போதே, வெப்பநிலையை 15 அல்லது 16க்கு உயர்த்தி மூன்று நாள் நிறுத்த வேண்டும். காத்திருந்து, நொதித்தல் முழுதும் அடங்கிய பிறகு சூடேற்றினால் டைஅசிட்டைல் உருவாகிவிடும், அதைத் தின்ன ஈஸ்ட் விழித்திருக்காது. அதைவிட மோசம், முன்னோடி மீதமிருக்கும்போதே குளிரில் இறக்கிவிடுவது. அன்று சுவைத்தால் பீர் சுத்தமாக இருக்கும். ஆறு வாரம் கழித்துப் புட்டியைத் திறந்தால் வெண்ணெய் வாடை அடிக்கும்.

இதைக் கண்டறிய எளிய சோதனை ஒன்று இருக்கிறது, ஆலைகளில் தினமும் செய்வது. பீரில் இரண்டு மாதிரி எடுங்கள். ஒன்றை மூடி 60 முதல் 65 டிகிரி வெந்நீரில் 30 நிமிடம் வைத்து, பிறகு குளிர்வியுங்கள். மற்றதை அப்படியே வையுங்கள். சூடேற்றியதில், எஞ்சிய முன்னோடி முழுவதும் டைஅசிட்டைலாகிவிட்டிருக்கும். இரண்டையும் முகர்ந்து பாருங்கள். இரண்டிலும் வாடையில்லை என்றால் குளிரில் இறக்கலாம். சூடேற்றியதில் மட்டும் அடித்தால் இன்னும் இரண்டு நாள் பொறுக்க வேண்டும். இரண்டிலும் அடித்தால் ஈஸ்ட் தளர்ந்திருக்கிறது, நன்றாக நொதித்துக்கொண்டிருக்கும் வேறொரு தொகுதியிலிருந்து கொஞ்சம் ஈஸ்ட்டை எடுத்துச் சேர்க்க வேண்டிவரும். நாள்காட்டியைப் பார்த்து முடிவெடுப்பவர்கள் மூக்கை நம்பக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. அரிசி கலந்த லேகர் செய்பவர்களுக்கு இது இன்னும் அவசியம். அரிசி மாச்சத்தைத் தரும், அமினோ அமிலத்தைத் தராது. வோர்ட்டில் வாலின் குறைந்தால் ஈஸ்ட் தானே அதிகம் தயாரிக்கும், கசிவும் கூடும். பெரிய ஆலைகள் சில, அசிட்டோலாக்டேட்டை நேரே அசிட்டோயினாக்கும் நொதி ஒன்றைக் கலந்து இந்தச் சிக்கலைத் தாண்டிப்போகின்றன. செக் நாட்டு பில்ஸ்னரிலோ சிறிதளவு டைஅசிட்டைல் குறையாகவே கருதப்படுவதில்லை.

சோதனையில் தேறிய பீரை நாளுக்கு 2 டிகிரி வீதம் 0 டிகிரிக்கு இறக்கி, ஆறு வாரம் விடலாம். நிலவறையில் பனிக்கட்டி அடுக்கிச் செய்த இந்த வேலையை 1870களில் கார்ல் ஃபொன் லிண்டேயின் குளிரூட்டும் இயந்திரம் எடுத்துக்கொண்டது. மியூனிக்கின் ஷ்பாட்டன் ஆலையில்தான் அதன் ஆரம்பகாலச் சோதனைகள் நடந்தன. இந்த ஆறு வாரத்தில் ஈஸ்ட் செல்கள் கால்சியத்தின் உதவியால் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு திரள்களாகி அடியில் படிகின்றன. பார்லியின் புரதமும் ஹாப்ஸ், உமி ஆகியவற்றின் பாலிஃபீனாலும் குளிரில் கைகோத்து மங்கலாகி, பின் இறங்குகின்றன. அழுகிய முட்டை வாடை தரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு குறைகிறது. லேகர் ஈஸ்ட் விட்டுச்செல்லும் சல்ஃபைட் மட்டும் கரைந்திருந்து, ஆக்சிஜனால் பீர் பழசாவதைத் தள்ளிப்போடுகிறது. கந்தக வாடை வந்ததும் பதறிப்போய் பீரைக் கொட்டிவிடாதீர்கள். லேகருக்கு அது இயல்பு, பெரும்பாலும் காலம் தீர்த்துவிடும்.

ஒரு காலத்தில் இந்த அட்டவணையைக் கடைப்பிடித்தாலும் தொகுதிக்குத் தொகுதி பீர் மாறியது. ஈஸ்ட்டில் வேறு இனங்கள் கலந்திருந்ததே காரணம். 1845இல் யாக்கோப்சன் என்ற டேனிஷ்காரர் மியூனிக் ஷ்பாட்டன் ஆலையிலிருந்து ஈஸ்ட்டைப் பெற்று, குதிரைவண்டி நின்ற இடமெல்லாம் தண்ணீர் ஊற்றிக் குளிர்வித்தபடி கோபன்ஹேகன் கொண்டுபோனார். அவர் நிறுவிய கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் 1883இல் எமில் கிறிஸ்டியான் ஹான்சன் ஒரே செல்லிலிருந்து வளர்த்த தூய ஈஸ்ட்டைப் பிரித்தெடுத்தார். யாக்கோப்சன் அதைப் பூட்டி வைக்கவில்லை. கேட்ட ஆலைகளுக்கெல்லாம், போட்டியாளர்களுக்கும் சேர்த்து, இலவசமாகக் கொடுத்தார். அந்தத் தாராளத்துக்கு உலகம் முழுவதும் உள்ள லேகர் காய்ச்சுபவர்கள் கடன்பட்டிருக்கிறோம்.

இப்போது வீடுகளில் பரவிவரும் வெப்ப லேகர் முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 34/70 ஈஸ்ட்டை 18 டிகிரியிலும், சிலர் ஒரு பார் அழுத்தத்திலும் நொதிக்க வைக்கிறார்கள். கரைந்திருக்கும் கார்பன்டைஆக்சைடு ஈஸ்ட்டின் பெருக்கத்தையும் எஸ்டர் உற்பத்தியையும் அடக்குவதால் பழமணம் அதிகம் எழுவதில்லை. பத்து நாளில் வேலை முடிகிறது. குளிர்சாதனப் பெட்டி இல்லாதவருக்கு இது நல்ல வழி, இதைப் போலி என்று ஒதுக்குவது அநியாயம். ஆனால் அழுத்தத்தில் உழைத்த ஈஸ்ட்டை அடுத்தடுத்த தொகுதிகளுக்கு எடுத்து வைத்தால் வீரியம் குறையும். எல்லா லேகர் ஈஸ்ட்டும் 34/70 அளவுக்குப் பொறுமைசாலியும் இல்லை.

எது மேல் என்று வாதிடுவதைவிடச் சோதித்துப் பார்ப்பது எளிது. ஒரே வோர்ட்டை இரண்டு கலன்களில் பிரியுங்கள். ஈஸ்ட்டும் ஒன்று, அளவும் ஒன்று. ஒரு கலனை 10 டிகிரியிலும் மற்றதை 18 டிகிரியிலும் நொதிக்கவிட்டு, இரண்டையும் ஒரே நாள்கணக்கில் குளிரில் வையுங்கள். பிறகு நண்பர்களுக்கு மூன்று கறுப்புக் குவளைகள் கொடுங்கள், இரண்டில் ஒரே பீர், ஒன்றில் மற்றது. வேறுபட்ட குவளையைக் காட்டச் சொல்லுங்கள். குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூவரில் ஒருவர் சரியாகச் சொல்லிவிடுவார். எனவே 12 பேர் சுவைத்தால் 8 பேராவது சரியாகக் காட்டினால்தான் இரண்டு பீருக்கும் வேறுபாடு உண்டு என்று சொல்லலாம். ஏழு பேர் காட்டினால், அட்டவணையைத் திருத்துவதற்கு முன் இன்னொரு தொகுதி காய்ச்சுங்கள்.